நூற்பாலை என்னும் நூல்

முன்னுரை

தமிழில் ‘நூல்’ என்னும் சொல் இரு பொருள் தருவது. நெசவாளர் கையில் இருப்பதும் நூல்; புலவர் கையில் இருப்பதும் நூல். ‘பனுவல்’ என்னும் சொல்லும் அவ்வாறே பஞ்சையும் குறித்தது, பாட்டையும் குறித்தது. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் சொல்லைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகம் செய்து, நூல் பிறக்கும் முறையை விளக்குகின்றார். நூற்றலையும் கற்றலையும் ஒரே சொல்லால் வழங்கிய மொழி நம்முடையது.

ஆதலால், பழைய நூற்பாலை ஒன்றை நூலாகக் கருதிப் படிக்கலாம் என்று கூறினால் தமிழர்க்கு அது புதுமையாகத் தோன்றாது. மேலைநாடுகளில் இயக்கம் ஓய்ந்த தொழிற்சாலைகள் சிலவற்றை இடித்துவிடாமல், கட்டடத்தையும் இயந்திரங்களையும் காத்து, அருங்காட்சியகங்களாக ஆக்கியுள்ளனர். பெற்றோரும் ஆசிரியரும் குழந்தைகளை அங்கு அழைத்துச் செல்கின்றனர். இங்கிலாந்திலுள்ள குவாரி பேங்க் ஆலை அத்தகையவற்றுள் பெயர் பெற்றது. அந்த ஆலையைக் குழந்தைகளுடன் எவ்வாறு காண வேண்டும், எதைக் காணத் தவறக் கூடாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அங்குள்ள இயந்திரம் தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். அதனருகே நின்று உழைத்த குழந்தையை நாம்தான் தேடிக் காட்ட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஆலை பிறந்த வரலாறு

இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில், மான்செஸ்டர் நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 10 மைல் தொலைவில், செஷயர் மாவட்டத்தில் ஸ்டயல் என்னும் சிற்றூர் உள்ளது. மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கில் பாலின் என்னும் சிற்றாறு ஓடுகின்றது. அதன் கரையில் செங்கல்லால் எழுந்த உயர்ந்த கட்டடமே குவாரி பேங்க் ஆலை. இதனை 1784-ஆம் ஆண்டில் நிறுவியவர் சாமுவேல் கிரெக். அவர் 1758-இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பிறந்து, மான்செஸ்டரில் துணி வணிகம் செய்த தம் தாய்மாமன்மாரிடம் வளர்ந்தவர்.

நகரை விட்டுவிட்டு இந்தப் பள்ளத்தாக்கை அவர் தேர்ந்தெடுத்தது ஏன்? காரணம் தண்ணீர். ரிச்சர்டு ஆர்க்ரைட் என்பார் 1769-இல் காப்புரிமை பெற்ற நூற்பு இயந்திரம் நீரின் விசையால் இயங்குவது. ஒரு பெண் ஒரு கதிரில் ஓரிழை நூற்ற காலம் போய், பல கதிர்கள் ஒருசேரச் சுழலும் காலம் வந்தது. அத்தகைய இயந்திரங்களை இயக்க, வேகத்தோடு விழும் நீர் வேண்டும். அது பாலின் ஆற்றில் கிடைத்தது.

ஆனால் நீர் கிடைத்த இடத்தில் ஆட்கள் கிடைக்கவில்லை. சிற்றூரில் மக்கள் சிலரே. புதிய இயந்திரங்களுக்கோ கைத்திறன் மிக்க வினைஞர் வேண்டியதில்லை. அறுந்த இழையை ஒட்டவும், நிறைந்த பாபின்களைக் கழற்றவும், கீழே விழும் பஞ்சைப் பெருக்கவும் சிறு கைகள் போதும். ஆகவே, ஆதரவற்ற ஏழையரை வைத்துக் காத்த விடுதிகளிலிருந்து குழந்தைகளை ஒப்பந்தத்தின்பேரில் வரவழைத்தனர். நீரைத் தேடி ஆலை சென்றது. ஆலையைத் தேடிக் குழந்தைகள் அனுப்பப்பட்டனர். இந்தக் காரணத் தொடர்பை விளங்கிக்கொண்டால் ஆலையின் முதல் பக்கத்தைப் படித்தவர் ஆவோம்.

சாமுவேல் கிரெக் 1832-இல் ஓய்வு பெற்றபோது அவருடைய நிறுவனம் நாட்டின் மிகப்பெரிய நூற்பு நிறுவனங்களுள் ஒன்றாக விளங்கியது. அவர் வழிவந்தவர் 1939-இல் ஆலையையும் அதனைச் சார்ந்த நிலத்தையும் நேஷனல் டிரஸ்ட் என்னும் பாதுகாப்பு அமைப்பிற்குக் கொடையாக வழங்கினார். வணிக உற்பத்தி 1959-இல் நின்றது. இன்று அது மக்கள் சென்று காணும் அருங்காட்சியகம்.

கண்ணும் செவியும் கற்கும் பாடம்

குழந்தைகளின் கண்ணை முதலில் ஈர்ப்பது நீர்ச்சக்கரம். தாமஸ் ஹியூஸ் என்னும் பொறியாளர் 1818-ஆம் ஆண்டையொட்டி வடிவமைத்த மாபெரும் இரும்புச் சக்கரம் இங்கு நெடுங்காலம் சுழன்றது. அது 1904-இல் பழுதுற்ற பிறகு நீர்ச்சுழலிகள் அதன் இடத்தைப் பெற்றன. இன்று அங்குச் சுழல்வது யார்க்‌ஷயரில் வேறோர் ஆலையிலிருந்து கொண்டுவந்து நிறுவப்பட்ட சக்கரம். அதனை வடிவமைத்த வில்லியம் ஃபேர்பேர்ன், இளமையில் ஹியூஸிடம் பணியாற்றியவர். தண்ணீர் நிறைந்த வாளிகளின் எடையால் அவ்வளவு பெரிய இரும்பு மெல்லத் திரும்புவதைக் காணும் குழந்தை, நீரின் ஆற்றலைப் பற்றிப் பாடப்புத்தகம் பத்துப் பக்கங்களில் கூறுவதை ஒரு நொடியில் அறிந்துகொள்ளும்.

அடுத்துப் பஞ்சு துணியாகும் வரிசை. பொதியைப் பிரித்துத் தூசும் விதைத்துகளும் நீக்குகின்றனர். பின்னர் முள் பதித்த உருளைகளில் பஞ்சைச் சீவி, இழைகளை ஒரே திசையில் படியவைக்கின்றனர். சீவிய பஞ்சு மென்மையான நீண்ட திரியாக வெளிவருகின்றது. அத்திரியை இழுத்து மெலிதாக்கி, முறுக்கேற்றினால் நூல். இழுத்தல், முறுக்குதல் ஆகிய இரண்டே நூற்பின் உயிர். பாட்டியின் இராட்டையிலும் இவை இரண்டே நடந்தன; ஆலையிலும் இவை இரண்டே நடந்தன. ஒரு துண்டுப் பஞ்சைக் குழந்தையின் கையில் கொடுத்து, இரு விரல்களால் இழுத்து முறுக்கச் சொன்னால், அதன் கையிலேயே ஓரிழை பிறந்துவிடும். அதன்பிறகு எந்த இயந்திரமும் அதற்குப் புதிராக இராது.

நெசவுக்கூடத்தில் விசைத்தறிகளை இன்றும் இயக்கிக் காட்டுகின்றனர். பாவு இழைகள் ஏறி இறங்க, அவற்றின் ஊடே நாடா இப்புறமும் அப்புறமும் பாய்கின்றது. ஒரு சில தறிகள் இயங்கும்போதே அருகில் நிற்பவர் பேசுவது கேட்பதில்லை. நூற்றுக்கணக்கான தறிகள் ஒருங்கே இயங்கிய காலத்தில் நிலைமை என்னவாக இருந்திருக்கும்? லங்காஷயர் நெசவாளர் பலர் காது கேளாமையுற்றனர். அவர்கள் உதட்டசைவாலும் கையசைவாலும் பேசும் முறை ஒன்றை வகுத்துக்கொண்டனர். அதற்கு அவ்வட்டாரத்தில் தனிப் பெயரே உண்டு. மொழியைப் படிக்கும் மாணவர் கருதிப் பார்க்கத் தக்கது இது. ஓசை மொழியைப் பறித்தது. மனிதன் ஓசையற்ற மொழியைப் படைத்துக்கொண்டான்.

இந்த அளவில் குழந்தைகள் மகிழ்ந்து நிற்பர். அந்த வியப்பு வேண்டுவதே. அதனைக் குலைக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த வியப்போடு வீடு திரும்பிவிட்டால் நூலின் அட்டையை மட்டும் பார்த்துத் திரும்பியதாகும்.

இயந்திரத்தின் அடியில்

‘மியூல்’ எனப்பட்ட நூற்பு இயந்திரத்தில் கதிர்கள் பொருந்திய நீண்ட வண்டி ஒன்று தண்டவாளத்தின்மேல் முன்னும் பின்னும் ஓடும். வண்டி வெளியே வரும்போது நூல் இழுபட்டு முறுக்கேறும். உள்ளே போகும்போது கதிரில் சுற்றப்படும். அதன் அடியில் பஞ்சுத் தூசு ஓயாது படியும். அதை அகற்ற, இயங்கும் இயந்திரத்தின் கீழே தவழ்ந்து சென்று திரும்பும் பணி மிகச் சிறிய குழந்தைகளுக்கு உரியது. பெரியவர் உடல் அங்கு நுழையாது. வண்டி திரும்பிவருமுன் குழந்தை வெளியேறிவிட வேண்டும். சற்றுப் பெரிய சிறுவரும் சிறுமியரும் அறுந்த இழைகளை ஒட்டினர். வண்டியோடு கூடவே நடந்து, நாளொன்றுக்குப் பல மைல் தொலைவு அவர்கள் கால்கள் கடந்தன. எண்ணெய் படிந்த தரையில் வெறுங்காலுடன் நின்றனர். இழை அறாதிருக்கக் காற்றில் ஈரமும் வெப்பமும் வேண்டும். ஆகையால் சாளரங்கள் மூடியே இருந்தன. பஞ்சுத் தூசு மூச்சில் கலந்தது.

உடன் வந்த எட்டு வயதுக் குழந்தையை இயந்திரத்தின் பக்கத்தில், பாதுகாப்பான இடத்தில் நிற்கச் சொல்லி, அதன் உயரத்தையும் வண்டியின் உயரத்தையும் ஒப்பிட்டுக் காட்டினால் போதும். சொற்பொழிவு தேவையில்லை. ‘என்னைவிடச் சின்னப் பிள்ளையா இதன் அடியில் போனது?’ என்று அதுவே கேட்கும். அக்கேள்வி பிறந்த இடத்தில்தான் பாடம் தொடங்குகின்றது.

பயிற்சிச் சிறார் இல்லம்

ஆலைக்குச் சற்றுத் தொலைவில் வெள்ளையடித்த வீடொன்று உள்ளது. 1790-இல் கட்டப்பட்ட பயிற்சிச் சிறார் இல்லம் அது. ஏறத்தாழ 90 குழந்தைகள் அங்குத் தங்கினர். அவர்களுள் பெண்குழந்தைகளே மிகுதி. இலண்டன், லிவர்பூல் முதலிய நகரங்களிலிருந்தும் பிறவிடங்களிலிருந்தும் வந்தவர்கள். வளர்ந்து பெரியவராகும்வரை உழைப்பதாக அவர்கள் பெயரில் ஒப்பந்தம் எழுதப்பட்டது. உணவும் உடையும் உறைவிடமுமே அவ்வுழைப்பிற்குரிய பயன். நாளொன்றுக்கு ஏறத்தாழ 12 மணி நேர வேலை. அதன்பின் சிறிது படிப்பும், தோட்ட வேலையும்.

இங்கு நடுநிலை தவறாமல் ஒன்றைக் கூற வேண்டும். அக்காலத்து ஆலை முதலாளிகளுள் கிரெக் கொடியவராக எண்ணப்பட்டவர் அல்லர். குழந்தைகளின் உடல்நலம் காக்கப் பீட்டர் ஹாலண்டு என்னும் மருத்துவரை அவர் அமர்த்தினார். தொழிற்சாலைக்கென நியமிக்கப்பட்ட மருத்துவருள் அவரே முதல்வர் என்பர். கிரெக்கின் மனைவி ஹன்னா, கல்வியில் நாட்டமுடையவர். சிறார்க்கு எழுத்தறிவும் எண்ணறிவும் ஊட்டுவதில் அக்கறை கொண்டார். இல்லத்தின் தோட்டத்தில் விளைந்த காய்கறிகள் உணவில் சேர்ந்தன. ஏழையர் விடுதியின் வாழ்வைவிட இது மேலானது என்று எண்ணுவதற்கு இடமிருந்தது.

ஆனால், ‘அதைவிட மேல்’ என்பது ‘நன்று’ என்பதாகிவிடுமா? ஒரு குழந்தைக்கு உணவு கிடைத்தது, மருந்து கிடைத்தது, எழுத்தும் ஓரளவு கிடைத்தது. தாய் கிடைக்கவில்லை, விளையாட்டு கிடைக்கவில்லை, ‘போக மாட்டேன்’ என்று சொல்லும் உரிமை கிடைக்கவில்லை. நல்லவர் ஒருவர் நடத்திய ஆலையிலும் நிலை இதுவென்றால், பிழை ஒரு மனிதரிடம் இல்லை. குழந்தையின் உழைப்பின்மேல் கட்டப்பட்ட ஏற்பாட்டிலேயே உள்ளது. கதையில் கொடியவன் ஒருவனைத் தேடுவது குழந்தைகளின் இயல்பு. கொடியவன் இல்லாமலேயே கொடுமை நடக்கும் என்னும் உண்மையை உணர்த்துவதற்கு இவ்வில்லத்தினும் சிறந்த வகுப்பறை வேறில்லை.

ஓடிப்போனவர்களின் சொற்கள்

இந்த 90 குழந்தைகள் என்ன நினைத்தனர் என்பதை நாம் எவ்வாறு அறிவது? கணக்கேடுகள் முதலாளியுடையவை. மருத்துவக் குறிப்பு மருத்துவருடையது. ஒப்பந்தத்தில் குழந்தையின் பங்கு, கையெழுத்திடத் தெரியாமல் இட்ட குறி மட்டுமே. அடங்கி ஒழுகிய குழந்தைகள் வரலாற்றில் சொல் ஒன்றும் விட்டுச் செல்லவில்லை.

சொல் விட்டுச் சென்றவர் ஓடிப்போனவர்களே. 1806-ஆம் ஆண்டில் தாமஸ் பிரீஸ்ட்லி, ஜோசப் செஃப்டன் என்னும் இருவர் ஆலையை விட்டு ஓடினர். பிரீஸ்ட்லிக்கு வயது 13, செஃப்டனுக்கு 17. இலண்டன் வரை சென்றனர். அங்கே பிடிபட்டு நீதி நடுவர்முன் நிறுத்தப்பட்டனர். நடுவர் வினவ, அவர்கள் கூறிய விடைகள் எழுதப்பட்டன. அந்த வாக்குமூலங்களே இன்று அவ்வாலையின் விலைமதிப்பற்ற செல்வம்.

அவற்றைப் படிப்போர் எதிர்பாராத ஒன்றைக் காண்பர். உணவு குறைவு என்று செஃப்டன் முறையிடவில்லை. காலையில் என்ன உண்டனர், நண்பகலில் என்ன உண்டனர், எத்தனை பேர் ஓரறையில் உறங்கினர், எப்போது படித்தனர் என்பவற்றையெல்லாம் அமைதியாகவே கூறுகின்றான். முதலாளிமேல் பெரிய குற்றமும் சாட்டவில்லை. பிரீஸ்ட்லியின் விரல் ஒன்று இயந்திரத்தில் சிக்கிச் சிதைந்தது. மருத்துவர் ஹாலண்டு அதனை வெட்டியெடுக்க நேர்ந்தது. வேலை செய்ய இயலாதிருந்த அந்த நாட்களில் அவனுக்குத் தாயின் நினைவு எழுந்தது. இருவரும் ஓடிய காரணம் ஒன்றே: தாயைக் காண வேண்டும்.

விரல் இழந்த பதின்மூன்று வயதுச் சிறுவன் இழப்பீடு கேட்கவில்லை, தாயைக் கேட்டான். பிறகு இருவரும் ஆலைக்கே திருப்பி அனுப்பப்பட்டனர்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1836-இல், எஸ்தர் பிரைஸ் என்னும் பெண் ஓடித் திரும்பியபோது அவளைத் தனியறையில் நாள்கணக்கில் அடைத்து வைத்தனர். அவளுடைய வரலாறும் ஒறுக்கப்பட்டதனால்தான் ஏட்டில் இடம்பெற்றது. குறும்புக்காரர் எனப் பெயரெடுத்த குழந்தைகளே தம் தோழர் அனைவர்க்குமாகப் பேசியிருக்கின்றனர். ஆவணத்தைக் கையாளும் மாணவர் மனங்கொள்ள வேண்டிய செய்தி இது. ஏட்டில் இல்லாதவர்கள் வாழாதவர்கள் அல்லர்.

பஞ்சு வந்த வழி

ஆலையின் பொதிகளைக் காணும்போது, ‘இந்தப் பஞ்சு எங்கே விளைந்தது?’ என்று கேட்கக் குழந்தைகளைப் பழக்க வேண்டும். இங்கிலாந்தில் பருத்தி விளைவதில்லை. லிவர்பூல் துறைமுகத்தில் வந்திறங்கிய பஞ்சு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில், பெரும்பாலும் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைகளாக வைக்கப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் பறித்தது. கிரெக் குடும்பத்திற்கே மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான டொமினிகாவில் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டம் இருந்தது. பிரிட்டன் 1833-இல் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் செய்தபோது, இழப்பீடாக ஒதுக்கிய 2 கோடி பவுன் அடிமைகளை உடையவர்களுக்கே சென்றது. அடிமைகளாயிருந்தவர்க்கு ஒன்றும் இல்லை. நேஷனல் டிரஸ்ட் தன் பொறுப்பிலுள்ள இடங்களுக்கும் அடிமை வணிகத்திற்கும் குடியேற்ற ஆட்சிக்கும் இருந்த தொடர்புகளை ஆராய்ந்து 2020-இல் வெளியிட்ட அறிக்கையில் இந்த ஆலையும் இடம்பெற்றது. தான் காக்கும் இடத்தின் கறையையும் தானே எடுத்துரைப்பது அருங்காட்சியகத்திற்கு இழுக்கன்று, அதுவே நேர்மை.

இந்தப் பஞ்சுக் கதையில் நம் நாட்டிற்கும் இடமுண்டு. பருத்தியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘காட்டன்’, ‘குத்ன்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ‘காலிகோ’ என்பது கோழிக்கோட்டின் பெயரால் அமைந்தது. சொற்களே வணிகத்தின் வழித்தடம். நம் சோழமண்டலக் கரையிலிருந்து அச்சுத் துணிகள் கடல் கடந்து சென்றன. கீழை நாடுகளுக்கு அவற்றைக் கொண்டுசென்றோருள் தமிழ் முஸ்லிம் வணிகரும் இருந்தனர். இந்தியத் துணியின் அழகைக் கண்டு அஞ்சிய பிரிட்டன், 1721-இல் அச்சுப் பருத்தித் துணிகளை உடுத்தவும் பயன்படுத்தவும் தடை விதித்தது. அந்தத் தடையின் நிழலில்தான் லங்காஷயரின் தொழில் வேர் கொண்டது. பின்னர் அதே லங்காஷயரின் ஆலைத்துணி இந்தியச் சந்தைகளில் குவிந்து, நம் கைநூற்போரின் பிழைப்பைப் பறித்தது. ஆகவே குவாரி பேங்க் ஆலையின் இராட்டினத்தில் செஷயர் குழந்தையின் கையும், அமெரிக்க அடிமையின் கையும், வேலையிழந்த இந்தியப் பெண்ணின் கையும் ஒரே இழையால் பிணைக்கப்பட்டுள்ளன.

சட்டம் வந்த பாதை

குழந்தைகளின் நிலை தானாக மாறவில்லை. 1802-இல் வந்த சட்டம் பயிற்சிச் சிறாரின் வேலையை நாளொன்றுக்கு 12 மணி நேரத்திற்குள் அடக்கியது. ஒரு படுக்கையில் இருவர்க்கு மேல் உறங்கலாகாது என்றது. ஆனால் அதை நடைமுறைப்படுத்த ஊதியம் பெறும் ஆய்வாளர் இல்லை. 1833-ஆம் ஆண்டுச் சட்டமே ஒன்பது வயதிற்குட்பட்டோரைப் பெரும்பாலான துணியாலைகளில் வேலைக்கு வைப்பதைத் தடுத்து, 9 முதல் 13 வயது வரையுள்ளோர்க்கு வாரத்திற்கு 48 மணி நேரம் என வரையறுத்து, ஆய்வாளர் நால்வரையும் ஏற்படுத்தியது. குவாரி பேங்கில் பயிற்சிச் சிறார் முறை 1847-இல் முடிவுற்றது.

இந்தியாவில் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தது. ஏழு வயதிற்குட்பட்டோரை வேலைக்கு வைக்கலாகாது என்றும், 7 முதல் 12 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்திற்குமேல் உழைக்கலாகாது என்றும் அது கூறியது. பிரிட்டனில் 48 ஆண்டுகளுக்கு முன்பே ஒன்பது என்று வைத்த வயதை, இங்கு ஏழு என்று வைத்தனர். அச்சட்டத்தைக் கோரியவருள் இரக்கமுடையோரும் இருந்தனர். பம்பாய் ஆலைகளின் போட்டிக்கு அஞ்சிய லங்காஷயர் முதலாளிகளும் இருந்தனர். 1891-இல் குறைந்த வயது ஒன்பதாயிற்று. 14 வயதிற்குட்பட்டோரைத் தொழில்களில் அமர்த்தலாகாது என்னும் பொதுத்தடை, குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்திற்குப் பின் உதவுதல் முதலிய சில விலக்குகளோடு, 2016-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஏற்பட்டது. 1802 முதல் 2016 வரை எண்ணிப் பார்க்கும் மாணவர்க்கு, அறம் சட்டமாவதற்கு எத்தனை தலைமுறை தேவைப்பட்டது என்பது விளங்கும்.

குழந்தைகளோடு காணும் முறை

மேற்கூறியவற்றையெல்லாம் ஒரே நாளில் ஒரு குழந்தையின்மேல் சுமத்துதல் தகாது. வயதறிந்து ஊட்டுதலே கல்வி.

ஐந்து முதல் எட்டு வயதினர்க்கு நீர்ச்சக்கரமும், கைப்பஞ்சும், தறியின் ஓசையும் போதும். வீடு திரும்பிய பின், தான் உடுத்திய சட்டையின் ஓரத்தில் ஓரிழையை உருவி, ‘இது எங்கிருந்து வந்தது?’ என்று அக்குழந்தை கேட்டால் பயணம் பயனுற்றது.

ஒன்பது முதல் பன்னிரண்டு வயதினர், அந்த ஆலையில் உழைத்தவர்களின் ஒத்த வயதினர். இவர்களுக்குச் சிறார் இல்லத்தைக் காட்ட வேண்டும். அவர்களுடைய ஒரு நாளையும் பிரீஸ்ட்லியின் ஒரு நாளையும் மணிவாரியாக இரு பத்திகளில் எழுதச் சொல்லலாம். எழுந்த நேரம், உண்டது, படித்தது, விளையாடியது, தாயோடு பேசியது என வரிசைப்படுத்தும்போது, ஒரு பத்தியில் சில இடங்கள் வெறுமையாக நிற்கும். அவ்வெறுமையை நாம் விளக்க வேண்டியதில்லை.

பதின்மூன்று வயதிற்கு மேற்பட்டோர் வாக்குமூலங்களைப் படிக்கலாம். பஞ்சு வந்த வழியை ஆராயலாம். ‘கிரெக் நல்லவரா?’ என்னும் வினாவை அவர்கள் நடுவே வைத்துச் சொற்போர் நிகழ்த்தலாம். உடனே விடை கூறிவிடும் அவசரம் ஆசிரியர்க்கு வேண்டா.

எவ்வயதினராயினும் இரு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். அச்சுறுத்தி அழவைத்தல் ஒன்று. ‘நீ எவ்வளவு கொடுத்துவைத்தவன், பார்!’ என்று குத்திக்காட்டுதல் மற்றொன்று. முன்னது குழந்தையை வாய் மூடச் செய்யும். பின்னது செருக்கையோ குற்றவுணர்வையோ விதைக்கும். துன்புற்ற குழந்தை நம் குழந்தையை அடக்குவதற்குரிய கருவி அன்று. தோழமையோடு நினைக்கத் தக்க ஓர் உயிர்.

முடிவுரை

செஷயர் ஆலைக்கு எல்லோராலும் செல்ல இயலாது. ஆயினும் அந்த ஆலை நமக்கு ஒரு கடமையை நினைவூட்டுகின்றது. தமிழகத்தின் ஆலைகளுக்கும் வரலாறு உண்டு. தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் 1908-இல் கூலி உயர்வும் விடுமுறையும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தபோது வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றனர். சென்னைப் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளரை நடுவாகக் கொண்டு 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் அது ஒரு தொடக்கம். அந்த ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன. அந்நிலத்தில் புதிய கட்டடங்கள் எழுந்துவிட்டன. அங்கு நம் குழந்தைகளுக்குக் காட்ட இயந்திரம் இல்லை.

ஆனால் நினைவுகள் முற்றும் அழியவில்லை. ஆலைச் சங்கு ஊதிய நேரத்தை வைத்து வாழ்ந்த முதியோர் நம் ஊர்களில் இன்றும் உள்ளனர். கூடங்களில் வழங்கிய சொற்கள், பஞ்சுத் தூசு படிந்த இருமல், இரவு வேலையில் பாடிய பாட்டு, எந்த வயதில் முதன்முதலாக உள்ளே நுழைந்தனர் என்னும் செய்தி ஆகியவை அவர்கள் நெஞ்சில் உள்ளன. பிரீஸ்ட்லியைப் பேசவைக்க ஒரு நீதிமன்றம் தேவைப்பட்டது. நம் முதியோரைப் பேசவைக்க ஒரு பேரப்பிள்ளையும் ஒரு குறிப்பேடும் போதும். தமிழ் பயிலும் மாணவர் விடுமுறைதோறும் ஒருவரிடமேனும் கேட்டு, அவர் சொன்னவாறே எழுதி, நாளும் ஊரும் குறித்து, கல்லூரி நூலகத்தில் சேர்ப்பாராயின், அதுவே நம் அருங்காட்சியகமாகும். பெரியோர்களும் கூச்சம் நீக்கிக் கூற முன்வர வேண்டும். தம் வாழ்வு எழுதத் தக்கதன்று என்று அவர்கள் எண்ணுவதாலேயே பல ஏடுகள் எழுதப்படாமல் போகின்றன.

நன்னூலார் நூலுக்கு மற்றோர் உவமையும் கூறுகின்றார். தச்சர் இழுக்கும் நூல் மரத்தின் கோணலைக் காட்டித் தீர்ப்பது போல, கற்கும் நூல் மக்கள் மனத்தின் கோணலைத் தீர்க்கின்றது என்பது அது. குழந்தையின் விரலினும் நூலின் விலை பெரிதென ஒரு காலத்தில் உலகம் எண்ணியது. அந்தக் கோணல் இன்னும் முழுமையாக நிமிரவில்லை. அதை நிமிர்த்தும் பணி, படித்த தலைமுறையின் கையில் இருக்கின்றது.